மாரடைப்புக்குப் பிந்தைய இதய உருமாற்றமும் ரத்தப் புரதங்களும்

மாரடைப்பில் பிழைத்தவரின் இதயத்தில், குறிப்பாக இடது கீழறையில், அளவும் வடிவமும் சுவரின் தடிமனும் மாறுவதை இதய உருமாற்றம் என்பர். அடைப்பை நீக்கிய பிறகும் இது தொடரக்கூடும். மார்வலி நின்றுவிடுவதால் நோயாளிக்குத் தெரிவதில்லை.

தசை செத்த இடத்துக்கு முதலில் வருபவை நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள். அவை வெளியிடும் எம்எம்பி-9 என்ற நொதி, தசையைத் தாங்கும் கொலாஜன் வலையை அறுக்கிறது. செத்த திசுவை அகற்ற இது வேண்டியதுதான். அளவு மீறினால் சுவர் மெலிந்து புடைக்கும். புதிய கொலாஜன் சேர்ந்து தழும்பு உறுதிப்படப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் அறை விரிந்தால், நீள்முட்டை வடிவம் உருண்டையாகிறது. அறை பெருக்கப் பெருக்கச் சுவரின் மீது இழுவிசை கூடும். இழுவிசை கூடினால் அறை மேலும் பெருக்கும். இந்தச் சுழல் இதயச் செயலிழப்பில் கொண்டுபோய் விடலாம்.

ரத்தத்தில் இதைக் காட்டும் புரதங்களில் ட்ரோபோனின், தசை எவ்வளவு செத்தது என்பதைச் சொல்கிறது. சுவர் இழுபடுவதைச் சொல்வது பிஎன்பி. 1988-இல் பன்றியின் மூளையில் கண்டறியப்பட்டாலும், அதை அதிகம் சுரப்பது இதயமே. அதன் துணைத்துண்டான என்டி-ப்ரோபிஎன்பிதான் இன்று ஆய்வகங்களில் பெரிதும் அளக்கப்படுகிறது. முதுமையிலும் சிறுநீரகக் கோளாறிலும் இது உயரும், உடல் பருமனில் தாழும். எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. நார்த்திசுப் பெருக்கத்தோடு தொடர்புள்ள காலெக்டின்-3, எஸ்டி2 ஆகியவை அன்றாடச் சிகிச்சையில் இன்னும் பரவலாகவில்லை.

செத்த தசை குறைந்தால் உருமாற்றமும் குறையும். ஆகவே நேரமே முதல் மருந்து. 2008-இல் வெளியான ‘கிரியேட்’ ஆய்வில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேர இந்திய நோயாளிகள் எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடம். இந்தத் தாமதத்தைக் குறைக்க, தில்லி எய்ம்ஸ் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 2019-இல் ‘மிஷன் டெல்லி’யைத் தொடங்கியது. மருத்துவமனையைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் அழைப்பு வந்தால், மோட்டார் சைக்கிளில் செவிலியர் போய் இசிஜி எடுக்கும் ஏற்பாடு அது. எய்ம்ஸ் மருத்துவர் அதைப் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்த திட்டத்தில், ஓராண்டு இறப்பு விகிதம் 17.6-லிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. இது நாடு முழுவதும் பரவ வேண்டிய ஏற்பாடு.

உருமாற்றத்தைத் தடுக்க மருந்தும் உண்டு. வெளியேற்ற விகிதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 40 விழுக்காட்டுக்கு மிகாத 2,231 பேரிடம் நடந்த ‘சேவ்’ ஆய்வில் (1992) கேப்டோப்ரில் இறப்பை 19 விழுக்காடு குறைத்தது.

இதயத்தின் செயல்திறன் இழப்பு நிலையானதா என்பது முதல் வாரத்து எக்கோவில் (இதய மீயொலிப் பரிசோதனையில்) தெரியாது. அதிர்ச்சியில் சோர்ந்த தசை பிறகு தேறக்கூடும். வெளியேற்ற விகிதம் மிகவும் குறைந்தவருக்கு ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவி பொருத்துவதை முடிவுசெய்ய, மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாட்கள் காத்திருப்பது வழக்கம். ஸ்டென்ட் வைத்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாளில் இரண்டாவது எக்கோவையும் எடுத்துவிடுங்கள்.