நிலா மயக்கம்

கீழ்வானில் எழும் முழுநிலவு, சில மணி நேரம் கழித்து உச்சிக்கு ஏறிய அதே நிலவைவிடப் பெரிதாகத் தெரியும் தோற்றப்பிழையே நிலா மயக்கம். சூரியனும் விண்மீன் கூட்டங்களும்கூடத் தொடுவானத்தருகே இப்படிப் பெருத்துத் தெரிகின்றன.

நிலவின் கோண விட்டம் ஏறத்தாழ அரைப் பாகை. தொடுவானில் இருக்கும்போது நிலவு நம்மிடமிருந்து கிட்டத்தட்ட பூமியின் ஆரமான 6,371 கி.மீ. அளவுக்குக் கூடுதல் தொலைவில் உள்ளது. ஆகவே உச்சி நிலவைக் காட்டிலும் அது 1.5 விழுக்காடு அளவுக்குச் சிறியதாகவே தெரிய வேண்டும். காற்றின் ஒளிவிலகலும் அதைப் பெருக்குவதில்லை. மேலும் கீழுமாகச் சற்றே நசுக்குகிறது. ஒரே லென்ஸால் இரு வேளையிலும் எடுத்த படங்களில் இந்தப் பெருக்கத்தைக் காண முடியாது.

காரணத்தை முதலில் காற்றில்தான் தேடினார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதை வளிமண்டலத்தின் விளைவாகக் கருதினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, நீருக்குள் கிடக்கும் பொருள் பெரிதாகத் தெரிவதுபோல ஈரக்காற்று வான்பொருள்களைப் பெருக்குகிறது என்று ‘அல்மஜெஸ்ட்’ நூலில் எழுதினார்.

விடையை மனத்தின் பக்கம் திருப்பியவர் இப்னு அல் ஹைதம். 11ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒளியியல் நூலில் அவர் தந்த விளக்கம் இது: தொடுவானம் வரை நிலமும் மரங்களும் வீடுகளும் அடுக்கடுக்காக விரிந்திருப்பதால் அங்குள்ள நிலவைத் தொலைவில் இருப்பதாக மனம் கணிக்கிறது, கண்ணில் விழும் அளவு மாறாமல் தொலைவு மட்டும் கூடினால் அந்தப் பொருள் பெரியதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறது. தலைக்கு மேலே அப்படித் தொலைவை உணர்த்த எதுவும் இல்லை.

1940களில் ஹார்வர்டின் எட்வின் போரிங் வேறு காரணம் சொன்னார். கண்ணை உயர்த்திப் பார்ப்பதால்தான் நிலவு சிறுக்கிறது என்பது அவர் கருத்து.

1962இல் லாய்ட் காஃப்மனும் இர்வின் ராக்கும் இதைச் சோதித்தார்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடியின் வழியே வானில் செயற்கை நிலவுகளைத் தோன்றச் செய்து, பார்ப்பவர்களை அவற்றின் அளவை ஒப்பிடச் சொன்னார்கள். நிலப்பரப்பு தெரிந்தபோது தொடுவான நிலவு பெருத்தது. நிலத்தை மறைத்ததும் மயக்கம் மறைந்தது. தாளைச் சுருட்டிக் குழலாக்கி, நிலவு மட்டும் தெரியும்படி பார்த்தால் எவரும் இதை உணரலாம்.

ஆனாலும் ஒரு முரண் எஞ்சுகிறது. எழும் நிலவு தொலைவில் இருக்கிறதா என்று கேட்டால், பலரும் அது அருகில் இருப்பதாகவே சொல்கிறார்கள். தொலைவை மனம் தன்னையறியாமல் கணிக்கிறது, பெரிதாகத் தெரிந்த பிறகே அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது என்பது ஒரு தரப்பின் பதில். 2000இல் லாய்ட் காஃப்மனும் அவர் மகன் ஜேம்ஸும் வெளியிட்ட ஆய்வு தொலைவுக் கணிப்புக்கே வலுச்சேர்த்தது. 2002இல் இந்த வரலாற்றை முழுநூலாகத் தொகுத்த ஹெலன் ராஸும் கார்னலிஸ் பிளக்கும் எந்த ஒரு கோட்பாடும் தனித்து வெல்லவில்லை என்று முடித்தார்கள்: நிலக்காட்சியின் பங்கு பெரிது, பார்வைக் கோணத்தின் பங்கு சிறிது.