திட்டம் போடும் மென்பொருளுக்கு ஒரு பந்தயம்

1997-இல் கம்ப்யூட்டர் சதுரங்கத்தில் காஸ்பரோவைத் தோற்கடித்த கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அடுத்த வருஷமே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இன்னொரு போட்டி நடந்தது. மென்பொருள் யார் உதவியும் இல்லாமல் தானாகவே திட்டம் போட வேண்டும், இதுதான் பந்தயம்.

திட்டம் என்றால் ஐந்தாண்டுத் திட்டம் இல்லை. எது முதலில், எது அடுத்து என்கிற வரிசை. சென்னையிலிருந்து டில்லிக்குக் குடிமாறுகிறோம். கேஸ் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டும், ஆனால் கடைசி நாள் சமையல் முடியாமல் ஒப்படைக்க முடியாது. பிள்ளைக்கு டி.சி. வாங்க வேண்டும், பரீட்சை முடியாமல் கிடைக்காது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு முன்நிபந்தனை, ஒரு விளைவு. செயல்களை இப்படி எழுதிவைக்கும் முறையை 1971-இல் ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் 'ஸ்ட்ரிப்ஸ்' என்ற பெயரில் வகுத்தார்கள். கலிபோர்னியாவில் 'ஷேக்கி' என்ற ரோபோவுக்காக வந்தது அது.

அதற்கப்புறம் கால் நூற்றாண்டு, ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் மொழியில், தன் உதாரணங்களில் தன் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தது. தானே கேள்வித்தாள் எடுத்து, தானே எழுதி, தானே திருத்துகிற மாதிரி. யேல் பல்கலைக்கழகத்தின் ட்ரூ மெக்டெர்மட் இதை மாற்றினார். போட்டிக்காக அவரும் ஒரு குழுவும் பி.டி.டி.எல். என்ற பொது மொழியை உருவாக்கினார்கள். போட்டியைவிட இந்த மொழிதான் பெரிய காரியம் என்பேன். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

களத்தில் இறங்கியவை ஐந்தே மென்பொருள்கள். அதில் ஹெச்.எஸ்.பி. என்பது வெனிசுவேலாவின் கராகஸ் நகரிலிருந்து வந்தது. பிளாய் போனெட், எக்டர் கெஃப்னர் இருவரின் வேலை. பழக்கமான வழிகளை விட்டுவிட்டு, 'இலக்கு இன்னும் எவ்வளவு தூரம்' என்று உத்தேசமாக மதிப்பிட்டுத் தேடிப் போனது. மற்றவற்றைவிட அதிகக் கணக்குகளைப் போட்டது, ஆனால் விடைகள் பல இடங்களில் நீளம். அப்படியானால் ஜெயித்தது யார்? எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்த மதிப்பீட்டின் ரகசியம் வேடிக்கையானது. ஒரு செயலால் வருவதை மட்டும் எண்ணு, போவதை எண்ணாதே. டில்லிக்குப் போனாலும் சென்னையிலும் இருப்பதாகவே கணக்கு. (நம் சங்கத்தாருக்கு இது பிடித்துப்போகும்!) உண்மையில்லைதான், ஆனால் வழிகாட்டப் போதுமானது. 2000-இல் கொலராடோவின் பிரெக்கென்ரிட்ஜில் நடந்த இரண்டாவது போட்டியில் ஜெர்மனியின் யோர்க் ஹாஃப்மன் இதை இன்னும் கூர்மையாக்கி எஃப்.எஃப். என்ற மென்பொருளோடு வந்து அசத்தினார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சுப்பாராவ் கம்பம்பாட்டியின் அரிசோனா குழுவும் அந்தப் போட்டியில் இருந்தது.

2004-இல் கனடாவின் விஸ்லரில் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த ஆண்டு நிகழ்தகவுக்கென்று முதல்முறையாகத் தனிப் பிரிவு வைத்தார்கள். செய்யும் காரியம் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஜெயித்த 'எஃப்.எஃப். ரீப்ளான்' நிகழ்தகவைத் தொடவே இல்லை! எல்லாம் நினைத்தபடி நடக்கும் என்று திட்டம் போடும், தவறினால் முதலிலிருந்து போடும். அவ்வளவுதான். தவறியது அந்த மென்பொருள் இல்லை, கேள்வித்தாள்தான். ஒரு தரம் வழுக்கினால் மீளவே முடியாத கணக்குகள் இருந்திருந்தால் இந்த வித்தை பலித்திராது. 2007-இல் அயன் லிட்டில், சில்வி தியபோ என்ற இரு ஆய்வாளர்கள் இதையே எடுத்து எழுதினார்கள்.

நல்ல கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்பதற்கு 1998-லேயே ஒரு மாதிரி இருந்தது. மெக்டெர்மட் கொடுத்த 'மிஸ்டரி' என்ற கணக்கு உண்மையில் வண்டியில் சரக்கு ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவதுதான். ஆனால் ஊருக்கு 'உணவு', வண்டிக்கு 'இன்பம்', சரக்குக்கு 'வலி' என்று பெயர் வைத்துவிட்டார். படிக்கிற மனிதருக்கு ஒண்ணும் புரியாது. மென்பொருளுக்குப் பெயர் எதுவானால் என்ன?

அந்தப் பழைய குறும்பு 2023-இல் திரும்பி வந்தது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளுக்குத் திட்டமிடத் தெரியுமா என்று கம்பம்பாட்டியின் குழு சோதித்தது. மரக்கட்டைகளை அடுக்குகிற சின்னக் கணக்கில் ஜிபிடி-4 ஏறக்குறைய மூன்றில் ஒன்றைச் சரியாகப் போட்டது. அதே கணக்கில் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. 2024-இல் வந்த ஓ1 கட்டைக் கணக்கை அனேகமாக முழுவதும் போட்டுவிட்டது, பெயர் மாற்றியதில் பாதியளவுதான் போட்டது. 2004 போட்டியின் வழக்கமான பிரிவில் வென்ற 'ஃபாஸ்ட் டவுன்வர்டு', அதே குழுவின் சோதனையில் இரண்டு வகையையும் ஒன்றுபோலப் போட்டு முடித்தது.