மெழுகிய தரை

தரையைச் சுத்தம் செய்வது என்று இன்று நாம் பொதுப்படச் சொல்லிவிடும் காரியத்துக்கு நம் முன்னோர் வைத்திருந்த பெயர் மெழுகுதல். பட்டினப்பாலையில், அந்தி விளக்கு ஏற்றப்பட்டுப் பலரும் வந்து வணங்கும் பொதியில் ஒன்றைச் சொல்லுமிடத்தில், மலர் தூவிய அந்தத் தரைக்கு ‘மெழுக்கம்’ என்றே பெயர் வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரோ, பொழுது புலருமுன் கோயிலை அடைந்து பெருக்குவதையும் மெழுகுவதையும், மாலை தொடுப்பதற்கும் பாடிப் பரவுவதற்கும் முன்னதாக வைத்துத் தம் நெஞ்சுக்கு உபதேசம் செய்தார். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் இதே திருப்பணியை நாள்தோறும் செய்துவந்தார் என்று பெரியபுராணம் சொல்லும். கோயில் தரையை மெழுகுவோர் ஜீவனத்துக்காக விடப்பட்ட நிலத்துக்குத் ‘திருமெழுக்குப்புறம்’ என்று சாஸனங்களிலே பெயர் இருப்பதைக் காணும்போது, ஒரு தரையை உண்டாக்குவதைப் போலவே அதைப் பேணுவதும் மானியத்துக்குரிய ஒரு தொழிலாகக் கருதப்பட்ட காலம் இருந்தது என்று தெரிகிறது.

வீட்டுத் தரைக்கு அந்த மானியம் கிடையாது. செம்மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய தரையின் மேல் பசுஞ்சாணத்தைக் கரைத்து வலது கையால் வளைவு வளைவாக இழுத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து வாசற்படி வரை வந்து முடிக்கிற அந்த வேலையை, வெள்ளிக்கிழமை தோறும், அமாவாசை தோறும், பண்டிகை தோறும், வீட்டு ஸ்திரீகள் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அது சுத்தம் செய்வது மாத்திரமன்று. மண் தரையில் நடக்க நடக்கப் புழுதி கிளம்பும், வெடிப்பு விடும், எறும்பு வளை தோண்டும். மெழுகும்போது ஒரு மெல்லிய புதுப்படலம் பழையதன் மேல் ஏறி உலர்ந்து அத்தனை குறையையும் மூடிவிடும். ஆகவே அக்காலத்து வீட்டுக்குத் தரை போட்டவர் யார் என்று கேட்டால், வாரத்துக்கு ஒரு முறை போட்டவள் அவ்வீட்டுப் பெண்ணே என்பதுதான் சரியான விடை.

செல்வமும் அதிகாரமும் உள்ள இடங்களில் இந்த மண்ணுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு வந்தது. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு கூட்டி அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பூசிய சாந்தை, ஈரம் முழுதும் போவதற்குள் வழுவழுப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்காகத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கும் வித்தையில் நம் கொத்தனார்கள் நிகரற்றவர்களாக இருந்தார்கள். கம்பெனி காலத்தில் சென்னைத் தோட்ட வீடுகளைக் கண்ட ஐரோப்பிய யாத்ரிகர்கள், அவற்றின் தூண்களைச் சலவைக்கல் என்றே நினைத்து அருகில் சென்று தொட்டுப் பார்த்து வியந்தார்கள். ‘மதராஸ் சுன்னம்’ என்ற பெயரால் அச்சாந்து கடல் கடந்தும் பிரஸித்தி பெற்றது. இந்த வித்தையின் மற்றொரு கிளையைப் பார்க்க விரும்புகிறவர்கள், 1795 வரை திருவிதாங்கூரின் ராஜதானியாயிருந்ததும், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளதுமான பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகவேண்டும். அங்கே சில கூடங்களில், தாழ்வான ஜன்னல் வழியாக விழும் வெளிச்சத்தில் குளத்து நீரைப் போல மின்னும் கருந்தரை இருக்கிறது. சுண்ணாம்பு, ஆற்று மணல், சுட்ட கொட்டாங்கச்சிக் கரி, முட்டையின் வெண்கரு, சில தழைச்சாறுகள் ஆகியவற்றால் அது ஆனது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காலணியை வாசலிலே விட்டுவிட்டுத்தான் அங்கே உள்ளே போகவேண்டும் என்ற விதியை நான் மரியாதைக்குரிய விதியாக மாத்திரம் எண்ணவில்லை. அந்தத் தரையின் பராமரிப்பு முறையே அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு உழைப்பும் செலவும் உள்ள தரை எட்டாது. அதை எட்டச் செய்தது சிமெண்டு. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தர் உரிமைப் பத்திரம் பெற்ற இந்தப் பொடி, பீப்பாய்களில் அடைபட்டுக் கப்பலில் நம் நாட்டுக்கு வந்துகொண்டிருந்த காலம் போய், 1904இல் சென்னையிலேயே கிளிஞ்சலைக்கொண்டு அதைச் செய்யும் முயற்சி ஒன்று தொடங்கி நிலைக்காமற் போயிற்று. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி வேரூன்றியது. தமிழ்நாட்டில் கோயமுத்தூரை அடுத்த மதுக்கரையில் 1934லும், டால்மியாபுரத்தில் 1939லும், திருநெல்வேலிக்கு அருகில் தாழையூத்தில் 1949லும் ஆலைகள் எழுந்தன. ஆலை அருகே வந்ததும், அதுவரை சுண்ணாம்பில் பழகிய கைகள் சிமெண்டுக்குத் திரும்பின. கை அதேதான், தேய்க்கும் பொறுமையும் அதேதான். நம் ஊர்களில் சிவப்புத் தரை என்றும், ஆக்ஸைடு தரை என்றும், கேரளத்தை ஒட்டிய பிரதேசங்களில் காவித் தரை என்றும் வழங்கும் தரை இவ்விதமாகப் பிறந்தது.

அது போடப்படும் விதத்தைச் சிறுவயதில் எங்கள் தெருவில் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த அடித்தளத்தின் மேல் சிமெண்டுச் சாந்தைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்துச் சமன் செய்தபின், சிமெண்டும் சிவப்பு ஆக்ஸைடும் சலித்துக் கலந்த கலவையைப் பாயசப் பதத்தில் அதன்மேல் விரிப்பார்கள். நிறத்துக்கு இரும்புத் துருவின் இனமாகிய இந்த ஆக்ஸைடைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பை வெளிவிடும். அந்தக் காரத்தில் இலைச்சாயமும் பூச்சாயமும் வெளுத்துப்போகும். இரும்பின் சிவப்பு மட்டும் காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாது நிற்கும்.

அதற்கு அப்பால் எல்லாம் நேரத்தின் விஷயம். மேலே மிதக்கும் ஈரம் சுண்டுமுன் எஃகுக் கரண்டியை வைத்தால் நீரும் நுண்பொடியும் மேலுக்கு வந்து, பின்னாளில் தரை ஓயாமல் புழுதி உதிர்க்கும். சுண்டி வெகுநேரம் கழித்து வைத்தால் கரண்டி கறுப்புத் தழும்பு போடும். இடைப்பட்ட அந்தச் சிறிது நேரத்துக்காக, கொத்தனார் விரல் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, பலகையின் மேல் குந்தியிருப்பார். ஒரு கூடத்தை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் நிறம் இரண்டாகிவிடும். ஆகையால் அன்று அவருக்குச் சாப்பாடு அந்தப் பலகைக்கே வரும். சுவரோரம் கறுப்பிலோ மஞ்சளிலோ ஒரு சாண் கரை. நடுவில் நூலை அழுத்தி இழுத்த கோடுகள், வெடிப்பு வந்தாலும் கோட்டோடு போகட்டும் என்பதற்காக. மறுநாள் களிமண்ணால் பாத்தி கட்டி நீர் நிறுத்துவார்கள். அந்த நாட்களில் வீடு முழுவதும் ஒரு சிவப்புக் குளமாக இருக்கும். குழந்தைகள் திண்ணையோடு நின்றுவிட வேண்டும்.

நீரை வடித்த அன்று தரை அழகாக இராது என்பதைப் பலர் அறியார். சாம்பல் படர்ந்து, ஆங்காங்கே உப்புப் பூத்து, வெள்ளை வேஷ்டியோடு உட்கார்ந்தால் வேஷ்டியைச் சிவப்பாக்கிவிடுகிற நிலையில்தான் கொத்தனார் அதை ஒப்படைத்துவிட்டுப் போவார். அங்கேதான் வீட்டுப் பெண்களின் பங்கு ஆரம்பமாகும். எங்கள் பாட்டி, கிழிந்த நூல்புடவைத் துண்டில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, முழங்கால் மடித்து உட்கார்ந்து, ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு நகர்ந்து நகர்ந்து துடைப்பாள். “உப்புப் பூத்தால் பயப்படாதே அப்பா, அது சுண்ணாம்பு மூச்சு விடுகிறது” என்பாள். ரஸாயன சாஸ்திரம் அறியாத அவள் சொன்னது பெரும்பாலும் உண்மை என்று பிற்பாடு அறிந்தேன்: உள்ளிருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்படலமாக உறைவதுதான் அந்தப் பூப்பு. எண்ணெய் நுண்துளைகளில் இறங்கி ஈரத்தின் போக்குவரத்தைக் குறைக்கும். துணியின் உரசல் வெண்படலத்தை எடுக்கும். இப்படி வாரந்தோறும் துடைத்து, பத்து வருஷம் கழிந்தபின் முதல் நாளில் இருந்த செங்கல் சிவப்பு மாறி, முற்றிய மாதுளை முத்தின் ஆழ்ந்த நிறம் அதற்கு வந்திருந்தது.

இந்தப் பராமரிப்பில் எழுதப்படாத விதிகள் இருந்தன. தரைக்கு முதற்பகை மணல். ஆகையால் துடைப்பதற்கு முன் பெருக்கியாக வேண்டும். தென்னந்துடைப்பம் வாசலோடு நிற்கும், கூடத்துக்கு வராது. தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டிக் கழுவுவது கூடாது; பிழிந்த துணியே போதும். புளியும் எலுமிச்சம்பழமும் சிந்தினால் அந்த நிமிஷமே துடைக்கவேண்டும். புளிப்பு சுண்ணாம்பைத் தின்றுவிடும். அடுக்களையில் அம்மியும் உரலும் கிடக்கும் இடத்தில் இந்தத் தரையைப் போடாமல் கருங்கல் பாவியதும் இந்த அறிவினால்தான். பின்னர் டப்பாக்களில் சிவப்பு மெழுகு விற்பனைக்கு வந்தபோது, வசதியுள்ள வீடுகளிலும் ரயில்வே பங்களாக்களிலும் எண்ணெயின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. இலங்கையில் இந்த மெழுகைத் தேய்க்க, தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குறுக்கே வெட்டி, அதன்மேல் ஒரு காலை வைத்து நடனம்போல் முன்னும் பின்னும் இழுப்பார்கள். மெழுகு என்ற பெயர்ச்சொல்லும் மெழுகு என்ற வினைச்சொல்லும் நம் மொழியில் ஒரே உருவில் நிற்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற விஷயம். சாணத்துக்கும் எண்ணெய்க்கும் டப்பா மெழுகுக்கும் பொருந்த அந்த ஒரு வினையே போதுமானதாயிற்று.

செட்டிநாட்டில் இதே சரக்கு வேறொரு வடிவம் பெற்றது. ஆத்தங்குடியில், கண்ணாடித் தட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பின்புறம் சாந்து நிரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கும் பூக்கற்களுக்குச் சூளையும் இல்லை, யந்திர அழுத்தமும் இல்லை; கண்ணாடியின் வழுவழுப்பே கல்லின் முகத்தில் பதிந்துவிடுகிறது. பாவியபின் உமியைத் தூவித் தேய்ப்பதும், எண்ணெய் கலந்த நீரால் துடைப்பதும் அங்கே வழக்கம். புழங்கப் புழங்கப் பளபளப்பு ஏறும் என்று அவ்வூரார் சொல்வது அனுபவத்தில் கண்ட உண்மை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அதே கற்கள் மங்கிப்போயிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு மொஸைக் வந்தது. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் புதைத்து, கார்பரண்டம் கல்லால் அரைத்து, ஆக்ஸாலிக் அமிலத்தால் பளபளப்பு ஏற்றும் வேலை அது. அதன்பின் கிரானைட், அதன்பின் ஆலையிலேயே மெருகேறி வரும் ஓடு. அவற்றின் சரித்திரத்தில் வீட்டுப் பெண்ணின் கைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லாததால், எனக்கும் சொல்ல அதிகமில்லை. ஆனால் சிவப்புத் தரைக்கு அக்காலத்தில் நேர்ந்த கேட்டைச் சொல்லாதிருக்க முடியவில்லை. ஓட்டுத் தரைக்கென்று விற்ற ஆசிட்டை, வித்தியாசம் அறியாத வேலையாட்கள் பழைய சிமெண்டுத் தரைகளிலும் ஊற்றித் தேய்த்தார்கள். எங்கள் வீட்டு ரேழியிலும் ஒரு கல்யாணத்துக்கு முன்பு அப்படி நடந்தது. அறுபது வருஷத்து மெருகு ஒரு காலைப்பொழுதில் நுரைத்துக் கரைந்து, கீழிருந்த மணற்கண் வெளியே தெரிந்ததைக் கண்டு நான் அழுதேன் என்று சொல்ல வெட்கப்படவில்லை.

இப்போது பண்டசாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் கான்கிரீட்டையே வைர வில்லைகளால் படிப்படியாக அரைத்து மெருகேற்றும் முறை பரவியிருக்கிறது. அதில், மேற்பரப்பை இறுக்குவதற்குச் சோடியம் ஸிலிகேட் கரைசலைத் தெளிப்பார்கள்; அது கான்கிரீட்டினுள் எஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு கூடிக் கடினமான வஸ்துவாக மாறித் துளைகளை அடைத்துவிடும். அமிலத்தை அண்டவிடாதே, மணலைப் பெருக்கிவிடு, பிழிந்த துணியால் துடை என்று அந்தத் தரைகளைப் பற்றிச் சொல்லப்படும் ஆலோசனைகளைப் படிக்கும்போது, முழங்கால் மடித்து உட்கார்ந்த என் பாட்டியின் குரல் கேட்கிறது.

எங்கள் வீட்டுக் கூடம் மட்டும் அந்த ஆசிட்டுக்குத் தப்பியது; கல்யாணத்துக்காக அங்கே ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஊஞ்சற் பலகைக்கு நேர் கீழே, சிவப்புக் கறுப்பாகத் திரிந்து, சுற்றிலும் உள்ளதைவிட அதிகமாக மின்னும் உள்ளங்கை அகலமான இரண்டு இடங்கள் உண்டு. மூன்று தலைமுறையினர் ஊஞ்சலை உந்துவதற்காகக் கால் ஊன்றிய இடங்கள் அவை. இன்றும் வெள்ளிக்கிழமை காலையில், கோலமிடுவதற்கு முன், என் மனைவி அந்த இரண்டு இடங்களையும் சேர்த்தே துடைக்கிறாள்.