கொங்குச் சமவெளியில் ரோமானிய, கிரேக்க நாணயச் சேகரிப்பு

சேலம், நாமக்கல் சமவெளியிலும் காவிரிக்குத் தெற்கே அதை ஒட்டிய கரூர், கோவைப் பகுதிகளிலும் பண்டைய ரோமானிய, கிரேக்க நாணயங்கள் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பதும், எந்த ஆட்சியாளருடையவை, எந்தக் காலத்தவை, எந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டவை என்று கண்டறிவதும் தமிழக நாணயவியலில் தனிப் பிரிவாக வளர்ந்துள்ளன. மேலைநாடுகளில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஏலக்கடையே வாசல். கொங்கு நாட்டில் அது ஏர்முனையிலும் ஆற்று மணலிலும் தொடங்கியது. யவனர் எனப்பட்ட கிரேக்க, ரோமானியரின் கப்பல்கள் வந்து நின்றது கடற்கரைத் துறைமுகங்களில். ஆனால் அவை கொண்டுவந்த வெள்ளி பெருமளவில் குடம் குடமாக வெளிப்பட்டது பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, இந்த உள்நாட்டில்தான்.

இதற்குக் காரணம் வணிகப் பொருள்களே. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் எனப்படும் பெரில் கிடைத்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் மணிகள் அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும் இரும்பு, எஃகு உலைகளும் வெளிப்பட்டன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குருந்தக்கல் பாறை இன்றும் உள்ளது. மேற்குக் கடற்கரையிலிருந்த முசிறித் துறையில் இறங்கிய யவனப் பொன் மிளகுக்கு விலையானதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அதே துறையிலிருந்து கணவாய் வழியாகக் கிழக்கே வந்தால் வெள்ளலூர், கொடுமணல், சேரர் தலைநகரான கரூர் வஞ்சி என்று நாணயம் கிடைத்த ஊர்கள் ஒரே வழியில் அமைகின்றன. கரூருக்கு எதிர்க்கரைதான் இன்றைய நாமக்கல் மாவட்டம்.

கண்டெடுப்புகளின் வரலாறு

பதிவான கண்டெடுப்புகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிடைக்கின்றன. 1800இல் பொள்ளாச்சியில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் ஒரு குடத்தில் கிடைத்தன. 1842இல் வெள்ளலூரில் 522 வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அதே ஊரில் 1891இலும் 1931இலும் மறுபடி கிடைத்தன. பழனியை அடுத்த கலையமுத்தூரில் 1856இல் 63 பொற்காசுகளும், கரூரில் 1878இல் ஏறத்தாழ 500 வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. உடுமலைப்பேட்டை வட்டத்துப் பூதிநத்தத்தில் 1946இல் கிடைத்தவை 1,398. தமிழகத்தில் ஒரே இடத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் குவியல்களில் இதற்கு முதலிடம் தரலாம். ஒரு குடியானவன் குழி வெட்டும்போது மண்வெட்டி பானையில் பட்டு ஒலிப்பதே பெரும்பாலான கண்டெடுப்புகளின் தொடக்கம். அடுத்த வாரத்துக்குள் பாதிக் காசு பொற்கொல்லர் உலைக்குப் போயிருக்கும். அச்சில் வந்த எண்ணிக்கைகள் பலவும் உருக்கியது போக மிஞ்சியவற்றின் கணக்கு.

கொங்குக்கு வெளியே நடந்திருந்தாலும் 1898ஆம் ஆண்டுப் புதுக்கோட்டைக் கண்டெடுப்பை விட்டுவிட முடியாது. ஆலங்குடி அருகே கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. காலத்தால் பிந்தியவை பேரரசர் வெஸ்பாசியனுடையவை. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் ஆழ்ந்த வெட்டு விழுந்திருந்தது. அந்நிய மன்னனின் முகம் பணமாகச் செல்லக் கூடாது, வெறும் பொன்னாகவே மதிக்கப்பட வேண்டும் என்று கருதிய உள்ளூர் ஆட்சியின் செயல் அது என்பது ஒரு விளக்கம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அதே ஆண்டில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார்.

எட்கர் தர்ஸ்டன் தயாரித்த சென்னை அருங்காட்சியக நாணயப் பட்டியல், ராபர்ட் சீவெல் 1904இல் வெளியிட்ட இந்தியக் கண்டெடுப்புகளின் தொகுப்பு, பவுலா டர்னர் 1989இல் வெளியிட்ட நூல் ஆகிய மூன்றும் இத்துறையின் அடிப்படை நூல்கள். ஒரு காசு எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனையோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரத்தை இவையே காப்பாற்றித் தந்தன.

சேலம் மாவட்டத்தின் பெயர் இந்தப் பட்டியலில் அழுத்தமாக ஏறியது 1987இல். அந்த ஆண்டு கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அப்போது நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியவில்லை. 1997 வரை இரண்டும் ஒன்றே. மாவட்ட வரலாற்றுக் குறிப்புகளில் இக்காசுகள் ‘திபேரியஸ் கிளாடியஸ் நீரோ’ என்ற ரோம மன்னனுடையவை என்றும், காலம் கி.பி. 37–68 என்றும் எழுதப்பட்டு வருகின்றன. பெயரும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. திபேரியஸ் கிளாடியஸ் நீரோ என்பது பேரரசர் திபேரியஸின் இயற்பெயர். அவர் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. 37க்கும் 68க்கும் இடையே ஆண்டவர்கள் காலிகுலா, கிளாடியஸ், நீரோ என்னும் மூவர். பெயரைக் கொண்டும், கொங்கின் மற்றக் குவியல்களைக் கொண்டும் பார்க்கும்போது கோனேரிப்பட்டிக் காசுகள் திபேரியஸுடையவை என்றே கொள்ளத்தக்கவை.

இரண்டு வெள்ளிக் காசுகள்

கொங்கு நாட்டு ரோமானிய வெள்ளி, அதாவது தெனாரியஸ், பெரும்பாலும் இரண்டே வகை. இந்த இரண்டையும் அறிந்தவர் கையில் கிடைக்கும் பத்துக் காசுகளில் பெரும்பான்மையை அங்கேயே சொல்லிவிடலாம். இரண்டுமே இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில், அன்று லுக்துனும் எனப்பட்ட ஊரின் அக்கசாலையில் அடிக்கப்பட்டவை.

முதல் வகை அகஸ்டஸுடையது, கி.மு. 2 முதல் அடிக்கப்பட்டது. முன்பக்கத்தில் வாகை மாலை சூடி வலப்புறம் நோக்கிய தலை. பின்பக்கத்தில் நீண்ட ஆடை போர்த்து நேராக நிற்கும் இரண்டு இளைஞர்கள்: அகஸ்டஸ் மகன்களாக ஏற்றுக்கொண்ட பேரர்கள் காயஸ், லூசியஸ். இருவர் கையும் தரையில் ஊன்றிய வட்டக் கேடயத்தின் மேல் இருக்கும். கேடயங்களுக்குப் பின்னே ஈட்டிகள். இருவர் தலைக்கும் நடுவே, மேலே, ஒரு சிறு கரண்டியும் நுனி சுருண்ட ஒரு கோலும் தெரியும். வேள்வியில் மது வார்க்கும் கரண்டி அது. கோல் நிமித்தம் பார்க்கும் குருவுடையது. கரண்டி இடப்புறமா வலப்புறமா, கோலின் சுருள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்து உட்பிரிவுகள் பிரிக்கப்படுகின்றன. தேய்ந்த காசில் இளைஞர்களின் முகம் மழுங்கிவிட்டாலும் கேடயத்தின் இரண்டு வட்டங்களும் எஞ்சி நிற்பதால் இவ்வகையைத் தடவிப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் வகை திபேரியஸுடையது. முன்பக்கத்தில் வாகை சூடிய தலை. சற்றே முன்தள்ளிய மூக்கு, நீண்ட கழுத்து. சுற்றெழுத்து அவரைத் தெய்வமான அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ் என்கிறது. பின்பக்கத்தில் முதுகுச் சாய்வில்லாத இருக்கையில் வலம் நோக்கி அமர்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீண்ட செங்கோல், மறு கையில் ஒலிவக் கிளை. அவர் அகஸ்டஸின் மனைவியும் திபேரியஸின் தாயுமான லிவியா என்று கருதப்படுகிறது. இருபுறமும் ‘பாண்டிஃப் மாக்ஸிம்’ என்ற எழுத்துகள். தலைமைக் குரு என்பது பொருள். இருக்கையின் கால்கள் வெறுமையாக உள்ளனவா, கடைசல் வேலை செய்யப்பட்டுள்ளனவா, அதன் அடியில் ஒரு கோடா இரண்டு கோடா என்பதை வைத்து இவ்வகையும் பிரிகிறது. பைபிளில் வரி குறித்து இயேசுவிடம் காட்டப்பட்ட காசு இதுவே என்ற நம்பிக்கையால் உலகச் சந்தையில் இதற்குத் தனி விலை உண்டு. கொங்கில் இது சாதாரணக் காசு.

இந்த இரண்டு வகைகளும் ஏன் இவ்வளவு மிகுதி என்பதற்கு விடை எடையிலும் மாற்றிலும் இருக்கிறது. கி.பி. 64 வரை ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்தனர். ஒன்றின் எடை ஏறக்குறைய 3.9 கிராம். அந்த ஆண்டில் நீரோ அதை 96 ஆக்கி எடையைக் குறைத்ததோடு செம்புக் கலப்பையும் கூட்டினார். பொற்காசான ஔரியஸும் ராத்தலுக்கு 45 என்று இளைத்தது. வெள்ளியை நிறுத்தும் உரைத்தும் வாங்கிய தமிழ் வணிகர் பழைய நல்ல காசையே கேட்டனர், புதியதை ஒதுக்கினர். அதற்குப் பின் இங்கே வந்தது பெரும்பாலும் பொன். கி.பி. 22இல் செனட் சபைக்கு எழுதிய கடிதத்தில் திபேரியஸ், பெண்களின் மணிக்கற்களுக்காக ரோமின் செல்வம் அந்நிய நாடுகளுக்குப் போவதாக வருந்தியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்துள்ளார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்னும் ரோமானியக் காசு இந்தியாவுக்குப் போகிறது என்பது ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கணக்கு. அந்தக் குறைகூறலுக்கு மிகத் திடமான சான்று வெள்ளலூர், பூதிநத்தம் பானைகள்.

உள்ளூரில் அடித்த போலிகளும் அதே காலத்தில் புழங்கின. அவற்றில் படம் ஏறத்தாழ ஒத்திருக்கும். எழுத்துகள் பொருளற்ற கோடும் வட்டமுமாகச் சிதைந்திருக்கும். லத்தீன் தெரியாத அக்கசாலையார் பார்த்து வெட்டிய அச்சு அது. பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் தரமானவை என்பதால் இவற்றை மோசடி என்று தள்ளுவது தவறு. தமிழகத் தொழில்நுட்ப வரலாற்றில் இவற்றுக்கு மூலக்காசுக்கு நிகரான இடம் உண்டு. இதே பழக்கத்தின் உச்சம் சேரரின் மாக்கோதைக் காசு. ரோமானியப் பாணியில் தலை உருவம் பொறித்து, மேலே தமிழ்ப் பிராமியில் மன்னன் பெயரை எழுதிய வெள்ளிக் காசு அது. குட்டுவன் கோதை காசும் அவ்வகையே. நாமக்கல்லின் கொல்லிமலையோடு தொடர்புடைய கொல்லிப்பொறை என்ற பெயர் பொறித்த செம்புக் காசும் கரூரில் கிடைத்தது.

ஆற்றுக் காசுகள்

கரூர் அமராவதி மணலை அரித்துப் பொன்துகள் தேடுவோரின் சல்லடையில் 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு ரோமானியச் செம்புக் காசுகள் அகப்பட்டன. மதுரையில் வைகையிலும் அப்படியே. இவற்றைப் பழைய செம்பு விலைக்குப் போகாமல் மீட்டு ஆராய்ந்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர், மதுரைச் செம்புக் காசுகளைப் பற்றிய அவரது நூல் 1994இலும், சங்ககாலத் தமிழ்க் காசுகளைப் பற்றியது 1997இலும், கரூரில் கிடைத்த ரோமானியமல்லாத அயல்நாட்டுக் காசுகளைப் பற்றியது 2000இலும் வந்தன. ஒரு நாளிதழாசிரியர் செய்த இந்த வேலையே தமிழகத்தில் சேகரிப்பை ஆராய்ச்சியாக உயர்த்தியது.

செம்புக் காசுகள் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம் உடையவை. சுற்றெழுத்து பெரும்பாலும் அச்சுக்கு வெளியே விழுந்திருக்கும். எனவே பின்பக்கப் படத்தை வைத்தே காலம் கணிக்கப்படுகிறது: கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தெய்வம், இரண்டு கோபுரமுள்ள பாசறை வாசல், நிற்கும் பேரரசர்கள், சிலுவை. படத்துக்கு அடியில் உள்ள கோட்டின் கீழ் மூன்று நான்கு எழுத்து மிஞ்சியிருந்தால் அக்கசாலை கான்ஸ்டான்டினோபிளா, அந்தியோக்கியாவா, அலெக்சாண்டிரியாவா என்று தெரிந்துவிடும். நாயக்கர் காலச் செம்புக் காசுகளும் இதே அளவில் இருப்பதால் புதியவர்கள் குழம்புவது வழக்கம்.

கிரேக்கக் காசுகள் அரிதானவை. செலூசிய அரசு, பினீசியா, ரோட்ஸ், கிரீட் ஆகியவற்றின் காசுகள் கரூரில் கிடைத்தவற்றில் அடங்கும். கிரேக்க நகரங்கள் தத்தம் சின்னத்தைப் பொறித்தன. ரோட்ஸ் காசில் ஒருபுறம் கதிரவனின் முகமும் மறுபுறம் ரோஜாவும் இருக்கும். கிரேக்கக் காசைக் காண எழுத்தைவிடச் சின்னமே கைகொடுக்கும்.

சேகரிப்பு நடைமுறை

சேகரிப்பாளருக்கு வேண்டியவை பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சு, நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு, சென்டிமீட்டர் அளவுகோல். வார்ப்புப் போலியில் பரப்பெங்கும் நுண்ணிய குழிகளும் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தென்படும். அடித்த காசின் விளிம்பில் அழுத்தத்தால் ஏற்பட்ட சிறு வெடிப்புகள் இருக்கும். திபேரியஸ் தெனாரியஸ் என்று காட்டப்படுவது 3 கிராமுக்கும் கீழே நின்றால் ஐயப்பட வேண்டும். பித்தளைச் சொம்பு துலக்குவதுபோல் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது செம்புக் காசுக்குச் செய்யும் பெருங்கேடு. நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைப் படலம் போனால் எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் மண்ணை நீக்கினால் போதும். ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், படம், எழுத்து, கிடைத்த ஊர் ஆகியவற்றை எழுதிய சீட்டு உடனிருக்க வேண்டும். இவற்றுள் கிடைத்த ஊரே முதன்மை. லியோனில் லட்சக்கணக்கில் அடித்த காசு எங்கும் கிடைக்கும். அது கோனேரிப்பட்டியில் கிடைத்தது என்ற செய்தி போனால் சேலத்தின் வரலாற்றில் அந்தக் காசுக்கு இடமில்லை.

இன்று சேலம், ஈரோடு, கோவை ஆகிய ஊர்களில் நாணயக் கண்காட்சிகள் நடக்கின்றன. புதிய சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் ஏலத்திலும் வணிகர்களிடமும் வாங்குகின்றனர்.

நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. மண்ணில் கிடைக்கும் புதையலுக்கு 1878ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் செல்லும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரும். மறைத்தவர் தம் பங்கை இழப்பார்.