டிக்கி: சில கணக்குகள்

"டிக்கி" என்ற சொல்லே நமக்கு ஒரு விநோதமான வழியில்தான் வந்தது. அந்தக் காலத்து இரண்டு பேர் கார்களில் பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்ன இருக்கை இருக்கும். கூரை கிடையாது. வெயிலோ மழையோ, அங்கே உட்கார்ந்தவர் பாடு அவர் பாடு. அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் டிக்கி சீட். பிற்பாடு இருக்கை போய்விட்டது, மூடி மட்டும் நின்றது, பெயரும் நின்றது. இங்கிலாந்தில் இன்று அதை 'பூட்' என்கிறார்கள். நாமோ அவர்கள் கைவிட்ட சொல்லை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். ஆள் உட்கார்ந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்!

நம் தலைமுறைக்கு டிக்கி என்றால் அம்பாசடர்தான். 1950களின் இறுதியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்யத் தொடங்கியது. மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. 2014இல் நிறுத்தும்வரை அதன் முதுகும் வாலும் பெரிதாக மாறவே இல்லை. வண்டியின் நீளம் சுமார் 4.3 மீட்டர். இந்த எண்ணைச் சற்று நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எங்கள் பெரியப்பா வீட்டு அம்பாசடரில் மதுரையில் இருந்து பழனிக்குப் போவது ஒரு குடிபெயர்ப்பு மாதிரி. அடியில் ஜமக்காளமும் சமையல் தேக்சாவும். அதன்மேல் இரண்டு டிரங்குப் பெட்டி. சந்துகளில் தூக்குவாளி, கூஜா, எலுமிச்சைச் சாதப் பொட்டலம். எதை முதலில் எடுக்க வேண்டுமோ அதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது டிரைவர் அண்ணனின் சட்டம். பெரியம்மா மாற்றி வைத்தால்கூட அவர் திரும்ப எடுத்து அடுக்குவார். அவ்வளவு பாரத்தையும் தாங்கிப் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து போகும். கீழே இருந்தது பட்டை ஸ்பிரிங் என்பதால் ஒன்றும் ஆகாது. மிஞ்சியது கூரைமேல் கேரியருக்குப் போகும். தார்ப்பாய், கயிறு, கடைசி முடிச்சு.

பியட்டும் (பிற்காலத்தில் பத்மினி) குடும்பக் கார்தான், ஆனால் ஒரு சுற்றுச் சிறியது. சீர்வரிசை கொண்டுபோக யாரும் முதலில் பியட்டைத் தேட மாட்டார்கள். அம்பாசடர் கிடைக்காவிட்டால்தான் அது.

1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியைக் கொடுத்தார். அம்பாசடரை விட ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டையான வண்டி. ஓட்ட லகுவானது, பெட்ரோலையும் குறைவாகவே குடித்தது. ஆனால் தனி டிக்கி என்ற ஒன்று அதில் இல்லை. பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதில் இரண்டு பை. பின்சீட்டின் முதுகை மடக்கினால் இடம் வரும், ஆனால் பிள்ளைகள் எங்கே உட்காருவது? அந்த வண்டி வாங்கியவர்கள் பயணம் போகிற முறையையே மாற்றிக்கொண்டார்கள். டிரங்குப் பெட்டி பரண் ஏறியது. துணிப்பை வந்தது. பாட்டி ரயிலில் வந்தாள்.

இதெல்லாம் தேவைக்கும் விலைக்கும் நடந்த பேரம். ஆனால் டிக்கியின் அளவைச் சட்டமே நேராகக் கத்தரித்த கதை 2006இல் நடந்தது. நம்ம ஊர்க்காரர் ப. சிதம்பரம் நிதியமைச்சர். அந்த ஆண்டு பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 ஆகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500க்குள்.

டிக்கி வைத்த கார் எதுவும் சாதாரணமாக 4 மீட்டருக்குள் அடங்காது. என்ன செய்வது? வாலை நறுக்குவதுதான். முதலில் செய்தது டாடா. 2008இல் இண்டிகோ சி.எஸ். வந்தது. அதே ஆண்டு வந்த மாருதியின் ஸ்விப்ட் டிசையர் 4160 மில்லிமீட்டர் நீளம், டிக்கி 440 லிட்டர். 2012இல் அடுத்த டிசையரை 3995 மில்லிமீட்டராக்கிக் கொண்டுவந்தார்கள். உள்ளே உட்காரும் இடத்தில் கை வைக்கவில்லை. குறைத்த அரையடி சொச்சம் முழுவதும் பின்னாலே இருந்துதான் போனது. டிக்கி 316 லிட்டர் ஆனது. போனது 124 லிட்டர். 25 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய 30 லிட்டர் இடம் பிடிக்கும் என்றால், நான்கு மூட்டை அரிசி. பார்வைக்கும் வண்டி பின்னால் திடீரென்று முடிந்துபோன மாதிரி இருந்தது. விற்பனையோ அமோகம். 2017 மாடலில் பொறியாளர்கள் அதே நீளத்துக்குள் 378 லிட்டர் வரை மீட்டுக் கொடுத்தது பாராட்ட வேண்டிய வேலை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோதும் சிறிய காருக்கு அதே 4 மீட்டர் கோடுதான். உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. நம் அம்பாசடர் இன்று இருந்தால் 40இல் மாட்டியிருக்கும்.

இந்த லிட்டர் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரன் போனில் காட்டி "தாத்தா, இதில் 341, அதில் 316" என்கிறான். 341 என்பது வேகன் ஆர், டிக்கி வைத்த கார்கூட இல்லை! டிக்கிக்குள் தண்ணீர் ஊற்றி அளப்பதில்லை. 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 கனம் உள்ள கட்டைகளை அடுக்கிப் பார்ப்பது ஜெர்மானிய முறை. ஒரு கட்டை ஒரு லிட்டர். மூலை முடுக்கில் எல்லாம் கட்டை நுழையும், உங்கள் சூட்கேஸ் நுழையாது. மேலே தட்டு வரைக்கும் அளந்தார்களா, கூரை வரைக்கும் அளந்தார்களா என்பதையும் பொறுத்து எண் மாறும். ஏழு பேர் உட்காரும் எர்டிகாவில் ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர். ஆள் எல்லாரும் போகலாம், பெட்டி வீட்டில் இருக்க வேண்டும். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரே டிக்கியில் படுத்துக்கொள்ளும். 2023இல் டாடா ஆல்ட்ரோசில் பெரிய சிலிண்டரை இரண்டாகப் பிரித்துத் தரைக்குக் கீழே வைத்தார்கள், 210 லிட்டர் மிஞ்சியது.

நம் வயதுக்காரர்களுக்கு வேறொரு அளவுகோல் வந்துவிட்டது. என் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்தபின் சக்கர நாற்காலி இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. மடக்கினால் ஓரடி அகலம், மூன்றடி உயரம். 400 லிட்டர் டிக்கியிலும் வாய் குறுகலாக இருந்தால் அது நுழையாது. நுழைந்தாலும் மூடியின் வளைந்த கம்பிகள் இறங்கி வந்து கைப்பிடியில் இடிக்கும். பம்பர் உயரமாக இருந்தால் 15 கிலோவை இடுப்புக்கு மேல் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். அந்த வேலையை எழுபதைத் தாண்டிய நான்தான் செய்கிறேன். பின்கதவு முழுசாக மேலே தூக்கும் கார்களில், 260, 270 லிட்டர் என்று போட்டிருந்தாலும், பின்சீட்டின் ஒரு பாதியை மடக்கி நாற்காலியைச் சாய்த்துத் தள்ளிவிடலாம்.

ஆகவே போன மாதம் கார் பார்க்கப் போனபோது நாற்காலியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று கடை. விற்பனைப் பையன்கள் டச் ஸ்கிரீனைக் காட்டத் தொடங்கினார்கள். "தம்பி, அது இருக்கட்டும், முதலில் பின்னால் திற" என்றேன். இரண்டு வண்டியில் நுழையவில்லை. மூன்றாவதில் சக்கரத்தைக் கழற்றாமலே நுழைந்தது. என் மனைவி ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறம் என்ன கலர்ல வேணும்னு கேளுங்க" என்றாள்.