கிறிஸ்து அரசர்

இயேசு கிறிஸ்துவே சகல அதிகாரங்களுக்கும் மேலான அரசர் என்னும் கிறிஸ்தவ உபதேசத்தையும், அதனைக் கொண்டாடும் திருநாளையும் இப்பெயர் குறிக்கும். இதன் வேர் இஸ்ரவேலரின் பழைய சரித்திரத்தில் இருக்கிறது. அண்டை ஜாதியாரைப் போலத் தமக்கும் ஓர் அரசன் வேண்டுமென்று ஜனங்கள் கேட்டபோது, அவன் அவர்கள் புதல்வரைத் தன் ரதங்களுக்கு முன்னே ஓடவும், புதல்வியரைத் தைலம் கூட்டவும் அப்பம் சுடவும் பிடித்துக்கொண்டு போவான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வாங்கித் தன் பிரதானிகளுக்குக் கொடுப்பான் என்று சாமுவேல் தீர்க்கதரிசி எச்சரித்ததாக வேதாகமம் கூறும். அரச பதவியைக் கடவுள் அநுமதித்தார். ஆனால் அதனை வழிபடுபொருளாக்க இடந்தரவில்லை.

சுவிசேஷங்களில் இவ்வரசத்துவம் முள்முடியோடு தோன்றுகிறது. எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளிலும் 'யூதருடைய ராஜா' என்று ரோம ஆளுநனாகிய பிலாத்து எழுதுவித்த பலகை, அதனைத் திருத்தும்படி பிரதான ஆசாரியர்கள் வேண்டியும் மாற்றப்படாமல் சிலுவையின்மேல் நின்றது. ரோமச் சக்கரவர்த்தியாகிய இராயனுக்கு வரி செலுத்தவும் அவனுக்காகப் பிரார்த்திக்கவும் இசைந்த ஆதிக் கிறிஸ்தவர்கள் அவனை ஆண்டவன் என்று அழைக்க மட்டும் இசையவில்லை. சிமிர்னா நகரத்து வயோதிக மேற்றிராணியாராகிய பொலிக்கார்ப்பு அதன்பொருட்டே உயிர் துறந்தார்.

இராயனே கிறிஸ்தவனான பிறகு சோதனை இன்னும் கடினமாயிற்று. ஏனெனில் பகைவனாகிய அரசனை மறுப்பதைவிட, ஆலயத்திற்குக் கொடையளிக்கும் அரசனைக் கண்டிப்பதற்கே மிகுந்த துணிவு வேண்டும். 390இல் தெசலோனிக்கேயா நகரில் ஜனங்களை வெட்டிக் கொல்லச் செய்த தியொடோசியு சக்கரவர்த்திக்கு, அவர் முன்னிலையில் தாம் திருப்பலி நிறைவேற்ற இயலாதென்று மிலான் மேற்றிராணியார் அம்புரோசு தம் கைப்பட எழுதினார். சக்கரவர்த்தியும் இராஜ சின்னங்களைக் களைந்து, பிரசித்தமாகப் பிராயச்சித்தம் செய்தார். பிற்காலத்து ஐரோப்பிய மன்னர் பலர் இதே உபதேசத்தைத் திருப்பி, தாம் கடவுளின் பிரதிநிதிகளாதலால் கடவுளுக்கு மட்டுமே கணக்குக் கொடுக்கக் கடவோம் என்று வாதித்தது பெரும் விபரீதம்.

முதல் உலகப் போரில் முடிகள் பல சாய்ந்து, அவ்விடங்களில் தேசமும் கட்சியும் பூரண பக்தியைக் கோரி எழுந்த காலத்தில், 11ஆம் பயஸ் பாப்பரசர் 1925 டிசம்பர் 11 அன்று வெளியிட்ட சுற்றுமடலால் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் கிறிஸ்து அரசர் திருநாளாக ஏற்படுத்தினார். திருச்சபையின் பொதுச்சங்கமாகிய நிசேயா சங்கத்தின் 1,600ஆம் நிறைவாண்டும் அவ்வாண்டே. அடுத்த ஆண்டு மெக்சிகோவில் திருச்சபையை ஒடுக்கிய அரசை எதிர்த்து எழுந்தவர்கள் 'கிறிஸ்து அரசர் வாழ்க' என்பதையே தம் முழக்கமாகக் கொண்டனர். 1934இல் ஜெர்மானிய புரொட்டஸ்டாண்டார் சிலர் பார்மன் நகரில் கூடி, கிறிஸ்துவுக்கன்றி வேறு தலைவர்களுக்கு உரியதான வாழ்க்கைத் துறை எதுவும் உண்டென்பதை மறுத்து அறிக்கையிட்டனர். 1969இல் 6ஆம் பவுல் பாப்பரசர் செய்த நாட்காட்டித் திருத்தத்தால், கத்தோலிக்கர் இத்திருநாளை வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடி வருகின்றனர்.