தேர்தல் வரைபடத்தின் நிறங்கள்: கண் எங்கே ஏமாறுகிறது?

வித்துரா (திருவனந்தபுரம்): தேர்தல் முடிவுகள் வெளியாகும் நாளில் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் முதலில் கண்ணில் படுவது வண்ண வரைபடமே. ஒரு தொகுதிக்கு ஒரு நிறம் என்ற எளிமை, வாக்காளர்களின் தீர்ப்பைப் பல நேரங்களில் மறைத்துவிடுகிறது. மனிதக் கண் நிறங்களை உணரும் விதம் அந்தக் குழப்பத்தை மேலும் கூட்டுகிறது.

684 வாக்குகளும் ஒரே நிறமும்

பொன்முடி மலையடிவாரத்தில் அமைந்துள்ள வித்துரா ஊராட்சி, ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதிக்கு உட்பட்ட அருவிக்கரை சட்டப்பேரவைத் தொகுதியில் உள்ளது. 2024 மக்களவைத் தேர்தலில் ஆற்றிங்கலில் காங்கிரஸ் வேட்பாளர் அடூர் பிரகாஷ் 3,28,051 வாக்குகள் பெற்று வென்றார். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. ஜாய் 3,27,367 வாக்குகளும், பாஜக வேட்பாளர் வி. முரளிதரன் 3,11,779 வாக்குகளும் பெற்றனர். வெற்றி வித்தியாசம் வெறும் 684 வாக்குகள்.

காங்கிரஸ் கூட்டணிக்கு நீலம் தீட்டும் வரைபடத்தில் ஆற்றிங்கல் முழுவதும் நீலமாகவே தெரியும். அதே தேர்தலில் ராகுல் காந்தி 3,64,422 வாக்குகள் வித்தியாசத்தில் வென்ற வயநாடும் அதே நீலம்தான். ஆற்றிங்கலில் மற்ற இரு வேட்பாளர்களுக்கும் விழுந்த 6.39 லட்சம் வாக்குகளின் சுவடே அதில் இருக்காது.

அடர்ந்த சிவப்பு பெரிதாகத் தெரியும்

அமெரிக்கப் புள்ளியியல் ஆய்வாளர்கள் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் ஆகியோர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நெவாடா மாநில வரைபடத்தைச் சிவப்பு, பச்சை நிறங்களால் பிரித்துக் காட்டினர். பார்த்தவர்களுக்குச் சிவப்புப் பகுதியே பெரிதாகத் தோன்றியது. அடர்த்தி குறைந்த நிறங்களைப் பயன்படுத்தியபோது இந்த மயக்கம் மறைந்தது.

நிலப்பரப்பும் கண்ணை ஏமாற்றுகிறது. பரப்பளவில் நாட்டின் மிகப்பெரிய மக்களவைத் தொகுதியான லடாக்கில் 2024-இல் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்த ஆற்றிங்கலோ, நாட்டின் வரைபடத்தில் ஒரு சிறு புள்ளி.

சிவப்பு, காவி, பச்சை குழம்பும்போது

விழித்திரையில் உள்ள மூவகைக் கூம்பு செல்களின் சமிக்ஞைகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை உணர்கிறது. இவற்றில் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய உதவும் செல்களில் குறை இருந்தால் அந்த நிறங்கள் ஒன்றுபோலத் தெரியும். இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்தக் குறைபாடு ஆண்களிடமே அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கும், பெண்களில் சுமார் 0.5 சதவீதத்தினருக்கும் இது உள்ளது.

மத்திய கேரளத்தில் இதன் விளைவு தெளிவாகப் புரியும். 2024-இல் முஸ்லிம் லீக் வென்ற பொன்னானி, மார்க்சிஸ்ட் வென்ற ஆலத்தூர், பாஜக வென்ற திருச்சூர் ஆகியவை அடுத்தடுத்த தொகுதிகள். கட்சி நிறப்படி பச்சை, சிவப்பு, காவி எனத் தீட்டினால், நிறப்பார்வைக் குறைபாடு உள்ள வாசகருக்கு மூன்று கட்சிகளின் வெற்றியும் ஒன்றாகக் கலந்து தோன்றலாம்.

அண்டை நிறத்தின் தாக்கம்

வெற்றி வித்தியாசத்தை ஒரே நிறத்தின் அடர்த்தியால் காட்டும் வரைபடங்களிலும் சிக்கல் உண்டு. வெளிர் நிறங்கள் சூழ்ந்த தொகுதி உள்ளதைவிட அடர்த்தியாகவும், அடர் நிறங்கள் சூழ்ந்த தொகுதி வெளிறியும் தெரியும். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த விதியை பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் 1839-இல் நூலாக விளக்கினார். பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் கருப்புச் சாயம் மங்கலாக இருப்பதாக எழுந்த புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறங்களில்தான் என்று அவர் கண்டறிந்திருந்தார்.

வாசகர் கவனிக்க வேண்டியவை

* நிறத்தைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராமல், வரைபடத்துடன் தரப்படும் நிறக்குறிப்பை முதலில் படிக்க வேண்டும்.
* வெற்றி வித்தியாசம், ஒவ்வொரு வேட்பாளரின் வாக்குகள் ஆகியவற்றை எண்களில் சரிபார்க்க வேண்டும்.
* தொகுதி ஒவ்வொன்றையும் சம அளவுக் கட்டமாகக் காட்டும் வரைபடம் இருந்தால் அதையும் ஒப்பிடலாம்.
* நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்கள், கைப்பேசியின் அணுகல் அமைப்புகளில் உள்ள நிறத்திருத்த வசதியைப் பயன்படுத்தலாம்.

வரைபடத்தில் ஒரு தொகுதியின் நிறம், அங்கு வென்றவர் யார் என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை பேர் வேறு விதமாக வாக்களித்தனர் என்பதை எண்களே சொல்லும்.